ஆர்க்கிட் குட்டி போட்டா உடனே கத்தியைத் தூக்காதீங்க

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் இந்தப் பக்கம் வரல. இன்னிக்கு செடி மேட்டர். மொக்கைன்னு நினைக்கிறவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம்.

எங்க மாடியில நாலு வருஷமா ஒரு டென்ட்ரோபியம் தொட்டி இருக்கு. ஊதாப்பூ. பாண்டி வெக்கைக்கும் கடல் ஈரத்துக்கும் அசராம நிக்கிற ஆர்க்கிட் அது. போன மாசம் பார்த்தா, பழைய தண்டோட நடுக்கணுவுல ரெண்டு இலையோட ஒரு குட்டி! இதுக்குப் பேரு கேக்கி. ஹவாய் மொழியில குழந்தைன்னு அர்த்தம் (சாப்பிடுற கேக் இல்லீங்க). தொட்டி அடியிலேர்ந்து வர்ற புதுத்தண்டு வேற, இது வேற. இது கணுவுல முளைச்சு காத்துலயே வேர் விடும்.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "வாழைக்கன்னு மாதிரி பிரிச்சு வெச்சிடுடா"ன்னாங்க. கீழ்வீட்டு அக்கா அந்தக் குட்டிக்கு புக்கிங்கே பண்ணிட்டாங்க. யாரைக் கேட்டாலும் வெட்டு, நடு. இந்த விஷயத்துல நான் எதிர்க்கட்சி.

ஏன்னா ஏற்கனவே சூடு பட்டவன். ரெண்டு வருஷம் முன்னாடி நகக்கண் அளவு வேர் வந்ததுமே ஒரு கேக்கியை வெட்டி நட்டேன். பத்தே நாள், சுருங்கிப் போச்சு. வாழைக்கன்னுக்கு மண்ணுக்குள்ள கிழங்கு இருக்கு, சமாளிச்சுக்கும். கேக்கிக்கு அந்தத் தண்டுதான் தண்ணித்தொட்டி, அரிசி மூட்டை எல்லாமே. இலை உதிர்ந்து மொட்டையா நின்னாலும் பச்சையா இருக்கிற தண்டுல சேமிப்பு இருக்கும். அழகு பண்றேன்னு அதை வெட்டித் தள்றதும் தப்பு.

அதைவிட முக்கியம், அது ஏன் வந்துச்சுங்கிறது. கணுவுல பூவா வரவேண்டிய மொட்டு, தழைச்சத்து உரம் அதிகமானா குட்டியா மாறலாம். இல்லேன்னா வேர்ல ஏதோ கோளாறு. சந்தேகம் வந்து தொட்டியைக் கவிழ்த்தேன். பாதி வேர் பழுப்பா, கொழகொழன்னு. தொட்டிக்கடியில தட்டு வெச்சு, தினமும் தண்ணி ஊத்தி, அழுக வெச்சது அடியேனேதான். நாங்க ஸ்வீட் எடுத்துக் கொண்டாடினது ஒரு எஸ்.ஓ.எஸ்.ஸை! என்ன கொடுமை சார் இது.

தாய்ச்செடி வீக்கா இருந்தா குட்டியைப் பிரிச்சு பாரத்தைக் குறைக்கணும்னு சிலர் சொல்வாங்க. நியாயமாத்தான் தோணுது. ஆனா வேரில்லாத குட்டியைப் பிரிச்சா ரெண்டுல எதுவும் மிஞ்சாது. நான் தாய்க்குத்தான் முதல்ல வைத்தியம் பார்த்தேன். அழுகின வேரை வெட்டிட்டு, கரி, ஓட்டுச்சில்லு, தேங்காமட்டைத் துண்டு போட்டு மாத்தி வெச்சேன். தட்டு அவுட். குட்டியோட வேருக்கு தினம் காலையில ஸ்ப்ரே மட்டும்.

(நம்ம ஊர்ல இன்னும் நிறைய பேர் ஆர்க்கிட்டை ஒட்டுண்ணிங்கிறாங்க. மரத்தைப் பிடிச்சுக்கும், அவ்வளவுதான், உறிஞ்சாது. ஆசிரமத்து அன்னை பூக்களுக்கெல்லாம் பொருள் சொன்னப்போ ஆர்க்கிட்டுக்குச் சொன்னது இறைவன்மேல் பற்று. பொருத்தமாத்தான் இருக்கு.)

குட்டிக்கு ரெண்டு மூணு இலையும், வேர் ரெண்டு மூணு அங்குலமும் வரட்டும். அப்புறம் வெட்டுங்க. பிளேடை நெருப்புல காட்டிட்டு வெட்டணும், ஒரு செடி வைரஸ் பிளேடு வழியா இன்னொண்ணுக்குப் போயிடும். வெட்டின இடத்துல பட்டைத்தூள் தடவலாம், வேர்ல பட்டா காய்ச்சிடும், ஜாக்கிரதை. தொட்டி சின்னதா இருக்கட்டும். மே மாச வெயில்லயும் ஐப்பசி அடைமழையிலயும் இந்த வேலையே வேண்டாம்.

ஆன்லைன்ல கேக்கி பேஸ்ட்னு ஒண்ணு விக்கிறாங்க, சைட்டோகைனின் ஹார்மோன். கணுவுல தடவினா தூங்குற மொட்டு முழிச்சுக்கும். நல்லா கொழுத்த செடிக்கு ஓகே. நோஞ்சான் செடிக்குத் தடவுறது பாவம்ங்க.

இப்போதைக்கு தாய்ச்செடியில பச்சை நுனியோட ஒரே ஒரு புது வேர் எட்டிப் பார்க்குது. குட்டிக்கு ஒரு அங்குலம் வந்திருக்கு. மழைக்கு முன்னாடி ரெண்டையும் சன்ஷேடுக்கு அடியில மாத்தணும். துணி காயப்போட வரும்போதெல்லாம் அக்கா குனிஞ்சு பார்த்துட்டு "இன்னுமா?"ங்கிறாங்க. பொங்கல் கழிச்சுதான்னு சொல்லி வெச்சிருக்கேன்.