மெடல் நம்மிடம், முத்திரை அவர்களிடம்!

விடிவதற்கு முன்னால் ஆவடிப் பக்கம் போய்ப் பாருங்கள். பருத்திப்பட்டு ஏரிக்கரையில், அம்பத்தூர் ஏரியோரத்தில், பூந்தமல்லி தாண்டித் திருமழிசை ரோட்டில் பையன்களும் பெண்பிள்ளைகளும் ஓடிக்கொண்டிருப்பார்கள். தொப்பை கரைக்க ஓடுகிறவர்கள் அல்ல. உத்தியோகத்துக்காக ஓடுகிறவர்கள். அப்பன் அம்பத்தூர் எஸ்டேட்டில் காண்டிராக்ட் கூலி. அம்மா நாற்று நடப் போகிறாள். நடவு இல்லாத மாதத்தில் சித்தாள் வேலைக்குப் போகிறாள். ஆவடியில் சிறப்புக் காவல் படை இருக்கிறது, மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம் இருக்கிறது, டாங்கித் தொழிற்சாலை இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மாதச் சம்பளம், இந்தப் பக்கம் தினக்கூலி. அந்தச் சுவரைத் தாண்ட ஏழைப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் ஏணிகளில் ஒன்று கபடி. இன்னொன்று ஓட்டம்.

சர்க்காரும் இதை ஒப்புக்கொண்டுதான் உத்தரவுகள் போட்டிருக்கிறது. மத்திய சர்க்காரின் 1980 ஆகஸ்டு உத்தரவைத் தொடர்ந்து வந்த விதிகளின்படி, கீழ்மட்ட உத்தியோகக் காலியிடங்களில் 5 சதவீதம் வரை விளையாட்டில் சிறந்தவர்களைக் கொண்டு நிரப்பலாம். "நிரப்பலாம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். "நிரப்ப வேண்டும்" என்று இல்லை. தமிழ்நாடு சர்க்கார் 3 சதவீதம் என்று அறிவித்திருக்கிறது. போலீஸ் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அது போக, 2022-ல் நடந்த இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் நூறு மார்க்கில் எழுத்துக்கு 70, உடல் திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு ஆகிய மூன்றுக்கும் சேர்த்து 6 என்று வகுத்திருந்தார்கள். விளையாட்டின் பங்கு இரண்டு மார்க். இரண்டு மார்க்தானே என்று ஏளனம் செய்ய வேண்டாம். அரை மார்க்கில் வேலை போய், இன்று மூட்டை தூக்குகிறவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள்.

சட்டம் இருக்கிறது, ஒதுக்கீடு இருக்கிறது, ஓடி ஜெயித்த பிள்ளையும் இருக்கிறான். பிறகு ஹைகோர்ட்டு வாசலில் கூட்டம் எதற்கு? தேர்வு முடிவு வரும் போதெல்லாம் ரிட் மனுக்கள் ஏன்? "உன் சர்டிபிகேட் சரியான படிவத்தில் இல்லை." "உன் சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லை." "நீ ஆடிய ஆட்டம் பட்டியலில் இல்லை." "கடைசித் தேதிக்கு மூன்று நாள் கழித்துக் கையெழுத்தாகியிருக்கிறது." பெரும்பாலான தகராறுகள் இந்த நாலு வாக்கியங்களுக்குள் அடங்கும். அவன் ஓடவில்லை என்று யாரும் சொல்வதில்லை. காகிதம் சரியில்லை என்றுதான் சொல்கிறார்கள்.

அந்தக் காகிதம் எங்கே பிறக்கிறது? படிவம் ஒன்று, சர்வதேசப் போட்டிக்கு. படிவம் இரண்டு, தேசியப் போட்டிக்கு. மூன்று, பல்கலைக் கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு. நாலு, பள்ளி விளையாட்டுக்கு. முதல் இரண்டிலும் கையெழுத்திட வேண்டியவர் சர்க்கார் அதிகாரி அல்ல. விளையாட்டுச் சம்மேளனத்தின் அல்லது மாநிலச் சங்கத்தின் செயலாளர். அந்த நாற்காலிகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? பெரும்பாலும் பிரமுகர்களும் பணக்காரர்களும் அவர்களுடைய உறவினர்களும். அவர்களுக்குள் கோஷ்டிச் சண்டை வந்தால் அடி விழுவது மைதானத்தில் நிற்கிறவன் முதுகில்.

நாம் மிகைப்படுத்தவில்லை. நம் கபடியையே எடுத்துக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், மட்டை வேண்டாம். மூச்சும் ஒரு துண்டு நிலமும் போதும். பண்ணையாட்களும் மில் தொழிலாளிகளும் வளர்த்த ஆட்டம். அதன் அகில இந்தியச் சம்மேளனம் பல்லாண்டுக் காலம் ஒரே குடும்பத்தின் பிடியில் இருந்தது. 2018 ஆகஸ்டில் டில்லி ஹைகோர்ட் அந்தத் தேர்தல்களை ரத்து செய்து ஒரு நிர்வாகியை நியமித்தது. பிறகு 2024-ல் சர்வதேசச் சம்மேளனம் இந்தியச் சம்மேளனத்தை சஸ்பெண்ட் செய்தது. ஆசியப் பெண்கள் போட்டிக்கு நம் அணி ஈரானுக்குப் போகவே, 2025 பிப்ரவரியில் வீராங்கனைகள் சுப்ரீம் கோர்ட்டை நாட வேண்டியிருந்தது! அந்த அணி போகாமல் நின்றிருந்தால் அந்த வருஷத்து சர்வதேச சர்டிபிகேட்டும் இல்லை, அதை நம்பிய உத்தியோகமும் இல்லை.

மல்யுத்தத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2023-ல் வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக் முதலிய வீராங்கனைகள், சம்மேளனத் தலைவராக இருந்த பா.ஜ.க. எம்.பி. பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் புகார் கூறி டில்லி வீதியில் உட்கார்ந்ததை நாடே பார்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் மத்திய மந்திரி சபையின் விளையாட்டுத் துறை புதிய சம்மேளன நிர்வாகத்தை சஸ்பெண்ட் செய்தது. 2024 ஜனவரி கடைசியில் சம்மேளனம் புனாவில் தேசியப் போட்டி நடத்தியது. சில நாட்களுக்குள் தற்காலிகக் கமிட்டி ஜெய்ப்பூரில் இன்னொரு தேசியப் போட்டி நடத்தியது. புனா போட்டிக்கு அங்கீகாரம் இல்லை, அங்கே தரும் சர்டிபிகேட் சர்க்கார் வேலைக்குச் செல்லாது என்று விளையாட்டுத் துறை அறிவித்தது. சம்மேளனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது சரி. ஆனால் புனாவில் கோதாவில் இறங்கிய பிள்ளை என்ன செய்தான்? எதிரே நின்றவனும் அசல் மனிதன், பட்ட அடியும் அசல் அடி. மல்யுத்தக்காரனின் ஒரு பருவம் மொத்தமும் வெற்றுக் காகிதமாயிற்று. பட்டாபிராமில் இருந்தோ திருநின்றவூரில் இருந்தோ போகும் நம் பிள்ளைக்கு இது நேராது என்று யாரால் உத்தரவாதம் தர முடியும்?

சரி, கோர்ட்டு என்ன சொல்கிறது? ஒரே குரலில் சொல்லவில்லை என்பதே தொல்லை.

1980-ல் கேரளத்தில் இருந்து ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. விளையாட்டு வழக்கல்ல, மருத்துவ மேல்படிப்புக்கு டிப்ளமோ பெற்றவர்களுக்குக் கூடுதல் மார்க் தரும் வழக்கு. டிப்ளமோ இருந்தது, சர்டிபிகேட்டை உரிய தேதிக்குள் இணைக்கவில்லை. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் இ.எம்.எஸ். மந்திரி சபையில் சட்ட மந்திரியாக இருந்தவர் அவர். தகுதி வேறு, தகுதிக்கான அத்தாட்சி வேறு. தகுதி உரிய தேதிக்குள் வந்துவிட்டதா என்பதே கேள்வி, அத்தாட்சி சற்றுப் பிந்தி வந்தால் உரிமை சாகாது என்பது அதன் சாரம். 2005-ல் ஒரிசாவைச் சேர்ந்த ஒரு முன்னாள் ராணுவத்தினரின் மகளுக்கு, ஆபீஸ் தப்பான சர்டிபிகேட் கொடுத்ததால் மருத்துவப் படிப்பு மறுக்கப்பட்டது. அந்த வழக்கிலும் சுப்ரீம் கோர்ட் இதே வழியில் போயிற்று. 2016-ல் பிற்பட்ட வகுப்பு சர்டிபிகேட் தாமதமான டில்லி வேலை வழக்கிலும் அப்படியே. ஆனால் 2023-ல், சிவில் சர்வீஸ் தேர்வு வழக்கில் அதே கோர்ட் கறாராகத் திரும்பியது. குறித்த தேதிக்குள் குறித்த படிவத்தில் சர்டிபிகேட் இருந்தே தீர வேண்டும் என்றது.

ஆக, நம் பிள்ளையின் வக்கீல் ஒரு கட்டு தீர்ப்புகளைக் காட்டுவார். சர்க்கார் வக்கீல் இன்னொரு கட்டைக் காட்டுவார். அதே 2023-ல் சண்டிகார் எஞ்சினீயரிங் கல்லூரி வழக்கில், விளையாட்டு ஒதுக்கீட்டில் வருகிறவனிடம் 75 சதவீத மார்க் கேட்பது ஒதுக்கீட்டின் நோக்கத்தையே கெடுக்கும் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னதையும் நாம் மறக்கவில்லை. நல்ல தீர்ப்புகள் இருக்கின்றன. ஆனால் நல்ல தீர்ப்பு வருவதற்குள் காலியிடம் நிரம்பிவிடுகிறது. தனி நீதிபதியிடம் ஜெயித்தால் சர்க்கார் அப்பீல் போகிறது. வழக்குக்கு முடிவு வருவதற்குள் ஓடுகிறவனின் காலுக்கு வயதாகிவிடுகிறது; வயது வரம்பும் தாண்டிவிடுகிறது. மில் முதலாளி தொழிலாளியை லேபர் கோர்ட்டில் இழுத்தடிக்கும் வித்தை நமக்குப் பழக்கம். தன் கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடியவனிடமே சர்க்கார் அந்த வித்தையைக் காட்டலாமா?

சாந்தி சௌந்திரராஜனை நினைத்துப் பாருங்கள். புதுக்கோட்டை ஜில்லா கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் மெடலைப் பிடுங்கினார்கள். அவர் எந்த மருந்தும் உட்கொள்ளவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார். தமிழ்நாடு சர்க்கார் அன்று 15 லட்சம் ரூபாய் கொடுத்தது, அதைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் நிரந்தர வேலை? தற்காலிகப் பயிற்சியாளர் வேலையில் வயிறு நிரம்பாமல் 2012-ல் அவர் பெற்றோரோடு செங்கல் சூளைக்கே திரும்பினார். மனு, கமிஷன், கோர்ட்டு என்று சுற்றி, நிரந்தரப் பயிற்சியாளர் ஆவதற்குள் சுமார் பத்து வருஷங்கள் ஓடிவிட்டன. ஆசியாவே பார்த்த ஓட்டத்துக்கே இந்த கதி என்றால், திருவள்ளூர் ஜில்லா மைதானத்தில் ஓடுகிறவளின் கதி என்ன?

"போலி சர்டிபிகேட்டுகள் வருகின்றன, அதனால்தான் கறாராக இருக்கிறோம்" என்று அதிகாரிகள் சொல்வார்கள். போலிகள் உண்டு. மகாராஷ்டிரத்தில் போலி விளையாட்டு சர்டிபிகேட் கொடுத்து வேலைக்குப் போனவர்கள் பிடிபட்டதும் உண்டு. போலி செய்கிறவன் படிவத்தை ஒரு புள்ளி பிசகாமல் பூர்த்தி செய்கிறான். காசு கொடுத்து வாங்குகிறவன் ஏன் தப்பாக வாங்கப் போகிறான்? படிவத்தில் தடுக்கி விழுகிறவன் உண்மையாக ஆடியவன்தான். கறார் யாரைப் பிடிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்று பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சதவீதம் எதன் மேல்? 1955 ஜனவரியில் இதே ஆவடியில்தான் காங்கிரஸ் மகாநாடு கூடி, சோஷலிஸ்ட் பாணி சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. பத்து வருஷத்தில், 1965-ல், இங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அந்த ஆலையைச் சுற்றி குடியிருப்பு வந்தது, மைதானம் வந்தது. 2021 அக்டோபர் முதல் தேதி நாடெங்கிலும் உள்ள 41 ராணுவத் தளவாட ஆலைகளை 7 கம்பெனிகளாக வெட்டினார்கள். ஆவடி டாங்கி ஆலையும் ஒரு கம்பெனியின் கீழ் போயிற்று. நிரந்தர வேலை சுருங்கி காண்டிராக்ட் பெருகப் பெருக, ஐந்து சதவீதம் என்றாலும் மூன்று சதவீதம் என்றாலும் அது காலிப் பானையின் பங்குதான். இரண்டு ஏழைப் பிள்ளைகள் ஒரே இடத்துக்காகக் கோர்ட்டில் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போடுவதன் வேர் இங்கே இருக்கிறது. எதிர் மனுதாரரும் நம் வீட்டுப் பிள்ளைதான் தோழர்களே!

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. போட்டி முடிந்த அன்றே, மைதானத்திலேயே, முடிவை சர்க்கார் தன் பதிவேட்டில் ஏற்றட்டும். பழைய சோவியத் யூனியனில் ஆட்டக்காரனின் தரத்தை ஒரு சிறு புத்தகத்தில் முத்திரையோடு பதிந்து கொடுப்பார்கள். கையில் கம்ப்யூட்டர் உள்ள நம் சர்க்காரால் அது முடியாதா? ரேஷன் அரிசிக்கு விரல் ரேகை வாங்கத் தெரிந்தவர்களுக்கு இதுவா கஷ்டம்? 2020-ல் மத்திய சர்க்கார் வேலைக்குரிய விளையாட்டுகளை 43-ல் இருந்து 63 ஆக உயர்த்தியது, 2024-ல் கேலோ இந்தியா மெடல்களையும் சேர்த்தது. வரவேற்கிறோம். 2025 ஆகஸ்டில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தின் கீழ் தேசிய வாரியமும் டிரிபியூனலும் வருகின்றன. ஆனால் சம்மேளனங்களின் சண்டையைத் தீர்ப்பது வேறு, அந்தச் சண்டையில் சிக்கிய பிள்ளையின் மார்க்கைக் காப்பாற்றுவது வேறு. அங்கீகாரம் போன சங்கத்துக்குத் தண்டனை கொடுக்கட்டும். சர்க்காருக்குத் தெரிந்து நடந்த போட்டியில் ஆடியவனின் கணக்கைக் கழிக்கக் கூடாது. படிவத்தில் பிழை இருந்தால் திருத்த அவகாசம் கொடுத்துவிட்டுப் பிறகு தள்ளட்டும். வழக்கு நடக்கும் வரை அந்த ஒரு இடத்தை நிரப்பாமல் வைக்கட்டும்.

இது வரும் வரை நம் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். போட்டிக்குப் போகுமுன் அந்தச் சம்மேளனத்துக்கு அந்த வருஷம் அங்கீகாரம் உண்டா என்று விசாரியுங்கள். சர்டிபிகேட் தாமதமானால் சங்கச் செயலாளருக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் எழுதி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டீர்கள், அவர் தரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. மார்க் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கடைசிப் பட்டியல் வந்த பிறகு அழுவதைவிட, வருமுன் மனுப் போடுவது நல்லது. வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்ட உதவிச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், மலைவாழ் மக்கள், ஆலைத் தொழிலாளர், குறைந்த வருமானக்காரர் எல்லோருக்கும் இலவச வக்கீல் உண்டு. ஹைகோர்ட்டிலேயே அதற்கென்று ஒரு கமிட்டி இருக்கிறது. காகிதங்களைக் கட்டி எடுத்துக்கொண்டு, ஊரில் நாலு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போங்கள்.