'வீட்டில் சொல்லிக் கொடுங்கள்': யாருக்கான அறிவுரை?

தாண்டிக்குடிக்குக் கீழே ஒரு காப்பித் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்து நின்றவரிடம் ஆசிரியர் கேட்டார்: "வீட்டுல பிள்ளைக்கு எதுவும் சொல்லிக் குடுக்குறது இல்லையா?" எழுத்தறியாத அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பள்ளியின் தோல்வி அந்த ஒரே கேள்வியில் அம்மாவின் குற்றமாக மாறியது.

இன்றும் பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரைகளைப் பாருங்கள். தினமும் பிள்ளையோடு சேர்ந்து வாசியுங்கள், படிக்கத் தனி இடம் ஒதுக்குங்கள், வீட்டில் சின்ன நூலகம் வையுங்கள். நல்ல யோசனைகள்தான். ஆனால் லைன் வீட்டின் ஒற்றை அறையில் தனி இடம் எது? நாள் முழுக்க ஏணியில் நின்று மிளகு பறித்த உடம்பு எந்த நேரத்தில் வாசிக்கும்? 1901 முதல் உறைவிடப் பள்ளி நடக்கும் கொடைக்கானலின் அதே மலையில்தான் பளியர் குடியிருப்புகளிலிருந்து முதல் தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். இருவருக்கும் ஒரே வீட்டுப்பாடம் கொடுத்தால் மதிப்பெண் வாங்குவது பிள்ளை அல்ல, பாட்டனின் படிப்பு.

பள்ளியின் பொறுப்பை வீட்டின் தலையில் கட்டுவது நமக்குப் புதிதல்ல. 1953இல் இராசாசி தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றார். திராவிட இயக்கம் அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தது. 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. அன்று 'தகப்பன் தொழிலைக் கற்றுக்கொள்' என்றார்கள். இன்று 'தகப்பன் படிப்பு இருந்தால் தப்பித்துக்கொள்' என்கிறார்கள்.

அம்பேத்கரின் தந்தை இராம்ஜி பம்பாயில் ஒற்றை அறையில் இருந்துகொண்டே மகனைப் படிக்க வைக்கவில்லையா என்று கேட்பார்கள். வைத்தார். விடியும் முன்பே எழுப்பிவிட்டார். புத்தகம் வாங்க மகள்களிடம் கடன் கேட்டார். ஆனால் இராம்ஜி இராணுவத்தில் கல்வி பெற்று, படைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். ஒரு தலைமுறைக்குப் பொதுக்கல்வி கொடுத்ததைத்தான் அடுத்த தலைமுறைக்கு வீடு கொடுக்க முடியும்.

அப்படியானால் எழுத்தறியாத பெற்றோர் கைகட்டி நிற்பதா? இல்லை. இரவில் அடுப்புப் பக்கம் உட்கார வைத்து, "சத்தமாப் படி" என்பார் அம்மா. நான் திக்கும் இடத்தைக் காதால் பிடித்து, "அதை மறுபடி படி" என்பார். பிள்ளை வாசிப்பதைக் கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த கதையைச் சொல்லி, அதை எழுதச் சொல்லுங்கள். இதற்குக் காது போதும், கதை போதும்.

ஆனால் இதைக் காட்டிப் பள்ளி தப்பித்துக்கொள்ள விடக்கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு விகிதாச்சார இடம் என்கிறது. அந்த நாற்காலியில் நம் அம்மாக்கள் உட்கார வேண்டும். ஆசிரியர் இடம் ஏன் காலி, புத்தகங்கள் ஏன் பூட்டிய பீரோவில் என்று கேட்க வேண்டும். படித்த தோழர்களே, கூட்டத்துக்கு அவர்களோடு போங்கள். தீர்மானத்தை வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வைக்கச் சொல்லுங்கள்.

அன்று தலைகுனிய வைத்த கேள்வியை இனி அவர்கள் திருப்பிக் கேட்கட்டும்: "பள்ளிக்கூடத்துல எதுவும் சொல்லிக் குடுக்குறது இல்லையா?"