இலக்கணம் தெரியும், வாய்தான் வரல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. எமது பிள்ளைகளின் விடயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

அண்மையில் எமது பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு ஏ சித்தி எடுத்தவர். கொழும்பில் ஒரு வேலைக்காக நேர்முகப் பரீட்சைக்குப் போயிருக்கிறார். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்களாம். பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். மூன்றாவது வசனம் வரவில்லை.

"சேர், பெசிவ் வொய்ஸுக்கு மாத்தச் சொன்னா இப்பவும் மாத்துவேன். வாய்தான் வரல்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு பெசிவ் வொய்ஸ் படிப்பித்ததும் நாம்தான், பேச வைக்காமல் விட்டதும் நாம்தான்.

தரம் 1, 2 இல் வாய்மொழி ஆங்கிலம். தரம் 3 இலிருந்து தனிப் பாடம். ஓ.எல் வரை 11 வருடங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஏன் இந்த நிலை? பரீட்சை வினாத்தாள் வாசிப்பையும் எழுத்தையும்தான் சோதிக்கிறது. பேச்சுக்குப் புள்ளி இல்லை. பாடநூலில் பேச்சுப் பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டி நாம் கடந்தகால வினாத்தாளுக்குப் போய்விடுகிறோம். பெற்றோரும் கொப்பியில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

அதற்காக, "கிரமர் தேவையில்லை, 30 நாளில் பேசலாம்" என்ற விளம்பரங்களோடும் எமக்கு உடன்பாடில்லை. "டிட் யூ வென்ட்?" என்று தயங்காமல் கேட்பவர் விண்ணப்பக் கடிதம் எழுதும்போது மாட்டிக்கொள்கிறார். வெளிநாட்டில் வேலை செய்யும் சகோதரர் ஒருவருக்கு "ஐ பே" என்பதற்கும் "ஐ பெய்ட்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் வெறும் இலக்கணம் இல்லை. காசு கொடுத்தாயிற்றா, இனித்தான் கொடுக்க வேண்டுமா என்ற பிரச்சினை அது.

ஆகவே இலக்கணமும் வேண்டும், பேச்சும் வேண்டும். எது முதலில் என்பதில்தான் நாம் பிழை விடுகிறோம்.

எமது பிள்ளைகள் குர்ஆன் ஓதப் பழகும் விதத்தை யோசித்துப் பாருங்கள். இக்ஃபா, இத்காம் என்ற பெயர்களை மனனம் செய்துவிட்டா ஓதத் தொடங்குகிறார்கள்? உஸ்தாத் ஓதுவதைக் கேட்கிறார்கள், தாமும் ஓதுகிறார்கள், பிழைத்த இடத்தில் அவர் நிறுத்தித் திருத்துகிறார். சட்டத்தின் பெயர் பிறகு வருகிறது. ஓதுவது வேறு, சொந்தமாக வசனம் அமைத்துப் பேசுவது வேறு என்பது உண்மைதான். ஆனால் வாய் பழகிய பிறகு சட்டம் என்ற வரிசை இரண்டுக்கும் பொருந்தும்.

ஓர் உதாரணம். நான் போகிறேன், நீ போகிறாய், அவன் போகிறான், அவள் போகிறாள். தமிழில் ஆளுக்கு ஆள் வினை மாறுகிறது. ஐந்து வயதுப் பிள்ளை இதைப் பிழையில்லாமல் பேசுகிறது. ஆங்கில நிகழ்காலத்தில் "கோ" என்பது ஹீ, ஷீ, இட் வரும்போது மட்டும்தான் "கோஸ்" ஆகிறது. உண்மையில் இது எமது பிள்ளைகளுக்கு இலகுவானது. விதியை எழுதிப்போட்டுப் பயமுறுத்துவதற்குப் பதிலாக, உம்மா காலையிலிருந்து இரவு வரை செய்யும் வேலைகளைச் சொல்லச் சொல்லுங்கள். "மை மதர் குக்" என்று வரும். அப்போது "குக்ஸ்" என்று திருத்தி, காரணத்தைச் சொல்லுங்கள். அது மனதில் நிற்கும்.

ஒரு பாடவேளை 40 நிமிடம். வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். ஆனால் இருவர் இருவராகப் பேச விட்டால், 10 நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் 5 நிமிடம் பேசலாம். வகுப்பில் சத்தம் வரும். அதிபர்மார் அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிறகு, பலர் விட்ட ஒரு பிழையை மட்டும், யாருடைய பெயரும் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி விளக்கலாம். கடைசியில் பேசியதையே நான்கு வரி எழுதச் சொன்னால் பரீட்சைக்கும் அது உதவும்.

பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறோம். பிள்ளை வீட்டில் பிழையாக ஆங்கிலம் பேசினால் சிரிக்காதீர்கள், மற்றப் பிள்ளைகளையும் சிரிக்க விடாதீர்கள். இந்த நாட்டின் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் "கடுவ". சிங்களத்தில் வாள் என்று அர்த்தம். தெரிந்தவர் தெரியாதவரை வெட்டுவதற்குப் பயன்படுத்துவது என்பதுதான் அதன் பொருள். அந்த வாளை நாமே எங்கள் வீட்டில் எடுக்கக் கூடாது.

அந்த மாணவர் இப்போது வாரத்தில் இரண்டு நாள் மஃரிபுக்குப் பிறகு வருகிறார். இலக்கணப் புத்தகம் திறப்பதில்லை. அவர் பேசுகிறார், நாம் கேட்கிறோம், பிழைக்கும் இடத்தில் நிறுத்துகிறோம். வகுப்பறையில் அப்போதே செய்திருக்க வேண்டியது. இப்போது இருக்கும் பிள்ளைகளுக்காவது செய்வோம், இன்ஷா அல்லாஹ்.