உயிர்காக்கும் பொறி எம்மொழி பேசுக!

கணிப்பொறியும் கைப்பேசியும் மருத்துவத்துள் நுழைந்தமையை நாம் வெறுக்கவில்லை, வரவேற்கின்றோம். ஆனால், அவை யார்மொழியிற் பேசுகின்றன?

2021 மே முதல்நாள், 18 முதல் 44 அகவையினர்க்கும் மகுடைத் தொற்றுத் தடுப்பூசி என்றது நடுவணரசு. முதலில், கோவின் வலைத்தளத்திற் பதிந்தோர்க்கே ஊசி! அத்தளமோ ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. ஆங்கிலம் அறியாதார் பிறர் கையை எதிர்நோக்கி நின்றனர். சூன் திங்களில் இந்தியும் தெலுங்கும் மலையாளமும் கன்னடமும் ஏறின, தமிழ் ஏறவில்லை! தமிழ்நாடு தட்டிக்கேட்ட பின்னரே தமிழுக்கு இடம் கிடைத்தது.

ஒருங்குறியில் 1991 முதலே தமிழ் உண்டு. எனவே, குறை பொறியிலன்று. ஆள்வோர் நெஞ்சிலேயே உளது.

மருந்தளவும் ஆய்வுமுடிவும் புரியாமொழியில் வந்தால், கைப்பேசி இருந்தென்ன பயன்? தமிழர்களே! மருத்துவமனைதோறும் கேளுங்கள்: எம் உயிர்ச்செய்தி எம் தாய்மொழியில் வருக!