திமிங்கிலத்தின் பூர்வீக பூமி

திமிங்கிலம் மீன் அன்று, நாற்கால் கொண்டு நிலத்தில் உலவிய பிராணிகளின் சந்ததியே என்பதற்கான ஆதிச் சாட்சியங்கள் நமது உபகண்டத்துப் பாறைகளிலேயே செறிந்து கிடக்கின்றன என்பதை நம்மவர் போதிய அளவு அறியாதிருப்பது வருந்தத்தக்கது. காஷ்மீரத்தின் காலாகோட் பகுதியில் புவியியலாளர் ரங்கா ராவ் சேகரித்து வைத்த பாறைகளை அவர் காலத்துக்குப் பின் ஆராய்ந்த ஹான்ஸ் தேவிசன் குழுவினர், சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, சருகுமானை ஒத்த 'இந்தோஹையஸ்' என்னும் குளம்புப் பிராணியின் செவியெலும்பு திமிங்கிலத்தினுடையதைப் போன்றே தடித்திருப்பதையும், நீருக்கடியில் நிலைகொள்ள உதவும் கனம் அதன் கால் எலும்புகளில் அமைந்திருப்பதையும் 2007இல் வெளியிட்டனர். பாகிஸ்தானத்தில் கிடைத்த 'பாகிசீடஸ்' ஓநாயளவே ஆயினும் திமிங்கில வம்சத்தின் மூத்த பிரதிநிதி. கட்ச் பிரதேசத்துக் 'கச்சிசீடஸ்' குறுங்கால்களும் நீள்வாலும் கொண்டு கரையோரக் கடலில் வாழ்ந்தது. பின்னர் நாசித்துவாரங்கள் படிப்படியாகச் சிரசின் மேற்புறம் ஏற, முன்கால்கள் துடுப்புகளாகி, பின்கால்கள் குன்றின. எகிப்தின் வாடி அல் ஹித்தான் பாலைவனத்தில் கிடைக்கும், சரீரத்துக்குச் சற்றும் பொருந்தாத சிறுகால்களையுடைய 'பசிலோசாரஸ்' எலும்புகள் அந்த மாற்றத்தின் மகத்தான சாட்சி. அவ்விடம் 2005இல் உலக மரபுச் சின்னமாயிற்று. கட்சின் எலும்புப் படிவங்களுக்கும் சட்டப் பாதுகாப்பும், அவ்விடத்திலேயே ஓர் அருங்காட்சியகமும் நமது அரசாங்கம் தாமதமின்றி அளித்தல் வேண்டும்.