குதிரை ஓடட்டும், பணம் ஓட வேண்டாம்



ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் மட்டக்களப்பு வாவிக்கரையில் வெயில் சுட்டெரிக்கும். பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து கையில் நாலு காசு புழங்கும் நேரமும் அதுதான். புத்தாண்டு விடுமுறையும் சேர்ந்து வர, காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று ஒவ்வோர் ஊரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வான் பிடித்து நுவரெலியாவுக்குப் புறப்படுகிறார்கள். 2009இல் போர் ஓய்ந்த பிறகு இந்தப் பயணம் நமக்கு எளிதாகிவிட்டது. செங்கலடியில் நம் வாசலில் தொடங்கும் அந்தப் பதுளை வீதியே மகாஓயா, பிபிலை, பதுளை தாண்டி நுவரெலியாவரைக்கும் போகிறது.

அங்கே ஏப்ரலில் நடக்கும் குதிரைப் பந்தயத்தைப் பற்றி ஒரு சகோதரி எழுதிய கடிதம் என்னைக் கொஞ்சம் கலங்க வைத்தது. பிள்ளைகள் பந்தயம் பார்க்க ஆசைப்படுகிறார்களாம். கணவரின் தம்பி, “ஆளுக்கு நூறு ரூபாய் ஒரு குதிரையில் கட்டுவோம், சும்மா ஒரு விளையாட்டுக்குத்தானே” என்கிறாராம். இந்தச் சகோதரியின் வாப்பா அந்தக் காலத்தில் புக்கிக் கடைக்குப் போய்ப் போய், மகளுக்குச் சீதனமாக வைத்திருந்த வயலை இழந்தவர். “உம்மாவின் கழுத்து வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். குதிரை என்றாலே நெஞ்சு பதறுகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் நெஞ்சு பதறுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாவத்தைக் குதிரையின் தலையில் சுமத்திவிடக் கூடாது. குதிரை வேறு, அதன்மேல் கட்டும் பணம் வேறு. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

குர்ஆனில் ‘அல்ஆதியாத்’ என்ற அத்தியாயமே மூச்சிரைக்க ஓடும் குதிரைகளின்மேல் சத்தியம் செய்து தொடங்குகிறது. நபி (ஸல்) அவர்களே மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். ஓட்டத்துக்கென்று பயிற்சி கொடுத்து உடலை இறுக்கிய குதிரைகளுக்கு ஹஃப்யா என்ற இடத்திலிருந்து தனிய்யத்துல் வதாஉ வரை ஓட்டம்; ஐந்தாறு மைல் தூரம். பயிற்சி இல்லாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல்தான். அந்தப் பந்தயத்தில் தாமும் ஓட்டியதாக இப்னு உமர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. பலமுள்ளதோடு பலமில்லாததை ஓட விடாத அந்த நீதியைக் கவனியுங்கள்.

தோற்பதற்கும் அங்கே பாடம் இருந்தது. நபியவர்களின் ‘அள்பா’ என்ற ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு நாட்டுப்புறத்து அரபி தன் ஒட்டகத்தில் வந்து முந்திவிட்டார். தோழர்களுக்கு மனவருத்தம். இவ்வுலகில் உயர்ந்த எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தைச் சொல்லி நபியவர்கள் அவர்களைத் தேற்றினார்கள். அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடி, ஒருமுறை தோற்று, பிறகொரு முறை வென்று, அதற்கு இது சரியாகிவிட்டது என்று சொன்ன நபியின் உம்மத் நாம். போட்டியும் சிரிப்பும் நமக்கு அந்நியமல்ல.

இனி நுவரெலியாவில் நீங்கள் காணப்போவதைச் சொல்கிறேன். 1868 மீற்றர் உயரத்திலுள்ள அந்த ஊருக்குக் குதிரைப் பந்தயத்தைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரத் துரைமார். 1875ஆம் ஆண்டிலிருந்து அங்கே ஓட்டத் திடல் இருக்கிறது. ஆளுநர் கிண்ணத்துக்கான ஓட்டம்தான் பெரியது. பனிக்குளிர், தொப்பி அணிந்த சீமாட்டிகள், பளபளக்கும் வண்ணச் சட்டையில் குதிரைக்காரர்கள், குளம்பொலி எல்லாம் சேர்ந்து ஒரு திருவிழாதான். ஆனால் ஓர் ஓட்டம் இரண்டு நிமிஷமளவில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் கூட்டம் பேசுவது குதிரையைப் பற்றியல்ல; பணத்தைப் பற்றி.

கொழும்பிலும் இது நடந்தது. 1893இல் கறுவாத்தோட்டத்தில் திறந்த ஓட்டத் திடலில் ஒரு காலத்தில் சனம் அலைமோதியது. இரண்டாம் உலகப் போரின்போது அதையே விமானத் தளமாக்கினார்கள். 1956இல் பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்த பின் அங்கே பந்தயம் நிறுத்தப்பட்டது. குதிரை நின்றது, சூது நிற்கவில்லை. எங்கோ வெளிநாட்டில் ஓடும் குதிரைக்கு இங்கே நம் பட்டணத்துப் புக்கிக் கடையில் பணம் கட்டினார்கள். கண்ணால் காணாத குதிரை ஒன்று வாவிக்கரையில் ஒரு குடும்பத்தின் வயலைத் தின்றது என்றால், அது குதிரையின் குற்றமா?

பணம் இல்லாவிட்டால் பந்தயம் சுவைக்காது என்பவர்களுக்கு இத்தாலி நாட்டுச் சியன்னா நகரத்தைக் காட்டலாம். ஆண்டுதோறும் ஜூலை 2ஆம் திகதியும் ஆகஸ்ட் 16ஆம் திகதியும் அந்நகரின் நடுச்சதுக்கத்தில் மண்ணைக் கொட்டிக் குதிரை ஓட்டுகிறார்கள். நகரில் 17 வட்டாரங்கள். ஒருமுறைக்குப் பத்து வட்டாரம் ஓடும். எந்தக் குதிரை எந்த வட்டாரத்துக்கு என்பது சீட்டுக் குலுக்கித்தான் தெரியும். சேணமில்லாமல் மூன்று சுற்று. ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிவு. ஓட்டுபவர் விழுந்துவிட்டாலும் குதிரை தனியே முதலில் வந்தால் அதற்கே வெற்றி. பார்க்க வருகிறவர் பணம் கட்டிச் சூதாட அங்கே சாளரம் இல்லை. வென்ற வட்டாரத்துக்குக் கிடைப்பது ஓவியம் தீட்டிய ஒரு பட்டுக்கொடி. அந்தத் துணிக்காக ஊரே அழுகிறது, சிரிக்கிறது. நம் பகுதியில் உம்மா வழியாக வரும் ‘குடி’யைப் போல அங்கே வட்டாரம் பிறப்போடு வருகிறது, மானமும் அதனோடு வருகிறது. அங்கும் குறை இல்லாமலில்லை. குதிரைக்காரருக்கு இரகசியமாகப் பணம் கைமாறும். திரும்பும் முனையில் குதிரைகள் அடிபடும். என்றாலும் சூதில்லாமல் ஓர் ஊர் பந்தயத்தில் மூழ்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓடாத ஒருவர் தம் கையிலிருந்து வென்றவருக்குப் பரிசு கொடுப்பது கூடும். ஆளாளுக்குப் பணம் கட்டி, தோற்றவன் பணத்தை வென்றவன் அள்ளுவது சூது. அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களில் அல்லாஹ் சூதை மதுவோடு சேர்த்து விலக்குகிறான். அவற்றைக் கொண்டு ஷைத்தான் உங்களுக்குள் பகையையும் வெறுப்பையும் மூட்டப் பார்க்கிறான் என்று காரணமும் சொல்கிறான். நூறு ரூபாய் சிறு தொகைதான். ஆனால் உழைக்காமல் வந்த முதல் நூறு ரூபாயின் ருசி பிள்ளையின் நாக்கில் ஒட்டிவிட்டால் யார் கழுவுவது? இன்று புக்கிக் கடைக்கு நடந்து போகவும் வேண்டாம். கிரிக்கெட்டுக்குப் பணம் கட்டும் கடை பிள்ளையின் கைத்தொலைபேசிக்குள்ளேயே திறந்திருக்கிறது.

ஆகவே சகோதரி, நுவரெலியாவுக்குப் போங்கள். குதிரை ஓடுவதைத்தான் பார்க்க வேண்டுமென்றால், பணம் கட்டும் இடத்தையும் மது புழங்கும் கூடாரத்தையும் விட்டு விலகி நின்று, ஓர் ஓட்டம் பார்த்துவிட்டு வாருங்கள். அப்படி விலகி நிற்க இடமில்லையென்றால் திரும்பிவிடுவதே மேல். ழுஹர், அஸர் தவறாமல் நகரத்துப் பள்ளிவாசலை முதலிலேயே விசாரித்து வையுங்கள். கிரகரி வாவிக் கரையில் பிள்ளைகள் ஏறிச் சவாரி போகக் குதிரைகள் நிற்கும். ஏற்றுமுன் அதன் முதுகில் புண் இருக்கிறதா, தண்ணீர் குடித்ததா என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் காயல் துறைமுகத்தைக் கண்ட மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகளைப் பாண்டியன் பெரும்பொருள் கொடுத்து வாங்கியும் பராமரிக்கத் தெரியாமல் சாகவிட்டதை எழுதிவைத்தார். வாயில்லாச் சீவனுக்குச் செய்யும் கொடுமைக்கும் கணக்குண்டு.

கணவரின் தம்பியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். “தம்பி, பிள்ளைகளைப் புல்வெளியில் ஓடவிடுங்கள், ஓடிய எல்லாருக்கும் உங்கள் செலவில் ஐஸ்கிரீம்” என்று சொல்லுங்கள். வீடு திரும்பிய பிறகு, ஓர் இரவில், வயல் போன கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மௌத்தானவரின் மானம் காக்கப்பட வேண்டும். ஆகவே யாருடைய வயல் என்று சொல்ல வேண்டாம். ஒரு வயல் இருந்தது, ஒரு வீட்டுப் பெண்பிள்ளைக்கென்று வைத்திருந்தார்கள், சூது அதைக் கொண்டுபோனது என்று சொன்னால் போதும். உங்கள் வாப்பாவுக்காக துஆச் செய்யவும் மறவாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளை ஹலாலான உழைப்பில் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.