மழையில் ஊர் காண்போம்

'ஊர் சுற்றிப் பார்த்தல்' என்னும் தொடரை நாம் அன்றாடம் வழங்குகிறோம். ஆயின், இன்றைய பயணிகளுள் பெரும்பாலோர் ஊரைச் சுற்றுகின்றனரேயன்றி ஊரைப் பார்க்கின்றனர் அல்லர். உள்ளூர் வழிகாட்டி ஒருவரின் துணையோடு சிற்றூர்களைக் கால்நடையாகச் சென்று காணும் முறை இக்குறையை ஓரளவு நீக்கி வருகிறது. இது வரவேற்கத்தக்க வளர்ச்சி. எனினும், புறப்படும் வேளையில் வானம் கறுத்துவிட்டால் அந்நடையைக் கைவிடுவதா, தொடர்வதா என்னும் வினா எழுகிறது. தொடர்வதே தக்கது, ஆயினும் அதற்கு ஒரு வரம்பு உண்டு, அவ்வரம்பை வகுக்கும் உரிமை வழிகாட்டிக்கே உரியது. இதுவே என் கருத்து.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றார். முல்லைக்குக் கார்காலத்தையும் குறிஞ்சிக்குக் கூதிர்காலத்தையும் உரியனவாக்கினார். பொழுதை நீக்கிவிட்டு நிலத்தை மட்டும் அறிதல் இயலாது என்பது இதனால் பெறப்படும். இவ்வளவுகோலைத் தமிழ் நிலத்திற்கு அப்பாலும் பொருத்திப் பார்க்கலாம். அதற்கு மேகாலயாவினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

காரோ, காசி, ஜயந்தியா எனப் பள்ளி நூல்களில் நாம் படித்த குன்றுகளே இம்மாநிலம். வங்கக் கடலின் ஈரக்காற்று வங்காளதேசத்துச் சமவெளியைத் தடையின்றிக் கடந்து, காசிக் குன்றுகளின் தென்சரிவில் மோதி, மேலெழுந்து குளிர்ந்து பெருமழையாகப் பொழிகிறது. சிரபுஞ்சி என நாம் அறிந்த சோராவில் 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரையிலான பன்னிரு திங்களில் 26,461 மி.மீ. மழை பதிவாயிற்று. அதன் அருகிலுள்ள மௌசின்ராமின் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 11,870 மி.மீ. ஆகும். சென்னை மாநகர் ஓராண்டில் பெறும் மழையைப் போல் இது எட்டு மடங்கு. இத்தகைய நாட்டில் மழையற்ற நாளைத் தேடிச் சென்று ஊர் காண விழைவது, கடலுக்குச் சென்று அலை ஓயட்டும் எனக் காத்திருப்பதை ஒக்கும்.

மழை கற்பிக்கும் பாடம்

அம்மலையூர்களின் வேர்ப்பாலங்கள் உலகப் புகழ் பெற்றவை. ஓடையின் கரையில் ரப்பர் அத்தி என்னும் ஆலின மரத்தை நட்டு, அதன் விழுதுகளைக் குடைந்த கமுகந்தண்டின் வழியாகவும் மூங்கிலின் மீதாகவும் எதிர்க்கரைக்குச் செலுத்தி, அவை அங்கே மண்ணில் வேரூன்றும்வரை காத்திருந்து இவற்றை வளர்க்கின்றனர். ஒரு பாலம் ஆளைத் தாங்கப் பல ஆண்டுகள், சிலபோது ஒரு தலைமுறைக் காலமே ஆகும். 2022ஆம் ஆண்டு இப்பாலங்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

வெயில் நாளில் இப்பாலத்தைக் காண்பவர் 'என்ன விந்தை!' என வியந்து படமெடுத்துத் திரும்புவார். மழை நாளில் காண்பவரோ, அதன் கீழே ஓடை நுரைத்துப் பாய்வதைக் காண்பார். வெட்டிய மரமும் மூங்கிலும் அந்த ஈரத்தில் மட்கிப்போகும். உயிருள்ள வேரோ ஆண்டுதோறும் வலுப்பெறும். விந்தை எனத் தோன்றியது உண்மையில் தேவையின் விளைவு என்பதை மழையே உணர்த்துகிறது.

'க்னுப்' என்னும் மழைக்காப்பும் அத்தகையதே. மூங்கிற் சிம்புகளால் முடைந்து, இடையே இலைகளை வைத்துத் தைத்த இது, ஆமையோடு போலத் தலையையும் முதுகையும் மூடும். குனிந்து வயலில் வேலை செய்வோர்க்கு இரு கைகளும் வேண்டும். குடை ஒரு கையைப் பறித்துக்கொள்ளும். வெயில் நாளில் இக்கருவி சுவரில் தொங்கும் கலைப்பொருள். மழை நாளிலோ அஃது உழைப்பின் துணை. இவ்வளவு மழை பெறும் சோராவில் குளிர்காலத்தில் குடிநீருக்குத் தட்டுப்பாடு நேர்கிறது என்னும் செய்தியும் சிந்திக்கத்தக்கது. மண்வளம் குன்றிய சரிவில் நீர் தங்காது ஓடிவிடுவதை மழையில் நடப்பவர் கண்ணாரக் காணலாம்.

வரம்பு யாது?

இவ்வாறு கூறுவதால், எந்த மழையிலும் நடக்கலாம் எனக் கொள்ளற்க. மௌசின்ராமில் 2022 ஜூன் 17 அன்று ஒரே நாளில் 1003.6 மி.மீ. மழை கொட்டியது. பாசி படர்ந்த கற்படிகளும், திடீரெனப் பெருகும் ஓடைகளும், சரியும் மண்ணும் உயிர்க்கு இறுதி விளைக்க வல்லவை. இரட்டை அடுக்கு வேர்ப்பாலம் உள்ள நோங்ரியாட் ஊருக்கு இறங்கும் படிகளோ மூவாயிரத்திற்கும் மேற்பட்டவை. எந்த ஓடை எப்பொழுது பெருகும், எந்தப் படி வழுக்கும் என்பதை அறிந்தவர் அவ்வூராரே. ஆகவே, 'இன்று வேண்டா' என வழிகாட்டி கூறின் அதுவே முடிந்த முடிபாதல் வேண்டும்.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உளது. நடந்தால்தான் கூலி என்னும் நிலையில் உள்ள ஒருவர், நடக்க வேண்டா என எவ்வாறு துணிந்து கூறுவார்? வீட்டில் உலை காத்திருக்க, 'நெடுந்தொலைவிலிருந்து வந்துள்ளோம். எப்படியும் அழைத்துச் செல்லுங்கள்' எனப் பயணியும் வற்புறுத்தினால், அவர் தம் அறிவை அடக்கிக்கொண்டு புறப்படவே நேரும். அவ்வாறாயின் இருவர் உயிரும் ஒரு நாட்கூலியின் மேல் நிற்கின்றன. எனவே மழையால் நடை நின்றாலும் வழிகாட்டியின் ஊதியம் நிற்றல் கூடாது. இஃது ஈகையன்று, பாதுகாப்பிற்கு நாம் தரும் விலை.

'நடவாத நடைக்கு ஏன் பணம்?' எனச் சிலர் வினவலாம். நாம் விலை கொடுப்பது அவர் கால்களுக்கன்று, அவருடைய அறிவிற்கு. 'வேண்டா' என்னும் சொல்லிலும் அவ்வறிவே விளங்குகிறது. நோயில்லை எனக் கூறிய மருத்துவருக்கு நாம் கட்டணம் மறுப்பதில்லையே!

பயணம் ஏற்பாடு செய்யும் நிறுவனங்கள் இவ்விதியை முன்பணச் சீட்டிலேயே தெளிவாக எழுதுதல் நன்று. நெடுநடை இயலாத நாளில் ஊரின் ஒரு வீட்டு அடுப்படியில் அமர்ந்து பெரியோருடன் உரையாடவும், க்னுப் முடைவதைக் காணவும் வழி செய்யலாம். பயணியரும் பிடிப்புள்ள காலணியோடும் பொறுமையோடும் செல்லுதல் வேண்டும். நமக்கு ஒரு பொழுது நனைதல். அவர்க்கோ அது பல திங்கள் வாழ்க்கை. அதனைக் காட்சிப்பொருளாக்காமல், அவர் நடக்கச் சொல்லும்போது உடன் நடந்தும், நிற்கச் சொல்லும்போது நின்றும் பழகுவோமாயின், ஊரைச் சுற்றியவர் என்னும் நிலை நீங்கி ஊரைக் கண்டவர் ஆவோம்.